இரண்டு வீட்டுவேலைகள்

தமிழ்நாட்டார் 'வீட்டுப்பாடம்' என்று சொல்வதை இலங்கையில் நாம் 'வீட்டுவேலை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாடசாலையில் ஆசிரியர் "வீட்டுவேலை செய்தாயா?" என்று கேட்பார், வீட்டில் தாயும் அதே வார்த்தையை அதே தொனியில் கேட்பாள். முன்னவர் கேட்பது கொப்பியை. பின்னவள் கேட்பது, முற்றம் கூட்டியாயிற்றா, தண்ணீர் மொண்டு வைத்தாயிற்றா, கோழிகளை அடைத்தாயிற்றா என்பதை. சிங்களத்திலும் இதே கதைதான். 'கெதர வெட' என்ற தொடருக்குள் இரண்டு பொருளும் அடங்கிக் கிடக்கின்றன. இதைச் சொல் வறுமை என்று பாஷாபிமானிகள் குறைகூறக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டில் பதினொரு மாதம் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொண்டு சமாதானமாகக் காலந்தள்ளுகிற இந்த இரண்டு வேலைகளும், நத்தார் கொண்டாடும் வீடுகளில், டிசெம்பர் பிறந்ததும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. எது தோற்கும் என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏன் தோற்கிறது, தோற்பது அவ்வளவு பெரிய தீங்குதானா என்பதைத்தான் இங்கே சற்று ஆராய விரும்புகிறேன்.

இந்த மோதலைக் கிட்ட இருந்து காணும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வஹகோட்டையில் கிடைத்தது. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், கலேவெலப் பக்கத்தில் உள்ள சிற்றூர் அது. அந்தோனியார் கோயிலால் பெயர் பெற்றது. திருவிழாக் காலத்தில் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வந்து கூடுவார்கள். என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த சிங்கள நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபின் தம் மகள் வீட்டில் அங்கே வசிக்கிறார். அவர் அழைப்பை மறுக்கமுடியாமல் ஒரு நத்தாருக்குப் போயிருந்தேன்.

அவ்வூரைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் மலைநாட்டில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போயிற்று, சொற்கள் போகவில்லை. நத்தார் என்ற பெயரே 'நத்தால்' என்னும் அவர்கள் சொல்லின் திரிபுதான். மேசை, கடதாசி, பேனை என்பனவும் அவர்கள் விட்டுச் சென்றவையே. நத்தார் விடுமுறையில் ஒரு பிள்ளை மேசைக்கு முன் கடதாசியும் பேனையுமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நாம் எழுதினால், வாக்கியத்தில் பாதி கப்பலேறி வந்ததாகிவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மட்டும் உள்நாட்டுச் சரக்கு.

நண்பரின் பேரன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். நாலாம் வகுப்பு, வயது ஒன்பது. வடகீழ்ப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரும்போக வயல்களில் பயிர் பச்சைபிடித்து நின்றது. மழை ஓய்ந்த நேரம் பார்த்து அவன் தகப்பனார் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டியார் ரவையை வறுத்துக்கொண்டிருந்தார். (சிங்களவரும் பாட்டியை 'ஆச்சி' என்றே அழைக்கிறார்கள் என்பதை நினைத்து மகிழ எனக்கு எந்நாளும் ஒரு நிமிடம் வேண்டும்.) நம் நாட்டு நத்தார்க் கேக்குக்கு ரவையும், பொடியாக நறுக்கிய மரமுந்திரிப் பருப்பும், 'புஹுல் தோசி' என்று சொல்லும் நீற்றுப்பூசணி இனிப்பும் உயிர்நிலை. அந்த 'தோசி'யும் போர்த்துக்கேயச் சொல்தான். இவற்றையெல்லாம் நறுக்கிச் சேர்ப்பது ஒருநாள் வேலையன்று. பல நாட்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். இதற்கிடையே பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடவேண்டும். கோயிலில் பாட்டுப் பயிற்சி. மூங்கிலைப் பிளந்து, கோதுமைமாப் பசை காய்ச்சி, வண்ணக் கடதாசி ஒட்டி நட்சத்திரக் கூடு செய்யவேண்டும். இந்தக் கூட்டு வேலை முழுவதும் அவன் பொறுப்பு. சென்ற ஆண்டு அண்ணன் செய்தான். இவ்வாண்டு அண்ணன் பரீட்சைக்குப் படிக்கிறவன் என்பதால், பட்டம் தம்பிக்குச் சூட்டப்பட்டிருந்தது.

மறுபக்கத்தில் இருந்தது பாடசாலை கொடுத்த வீட்டுவேலை. நாளொன்றுக்கு ஒரு பக்கம் உறுப்பெழுத்து. பன்னிரண்டாம் வாய்பாடு வரை பத்துத் தடவை. புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு. 'நத்தார் விடுமுறையை நான் கழித்த விதம்' என்று ஒரு கட்டுரை.

ஒரு பிள்ளை வேலையைத் தள்ளிப்போடும் முறையை ஆசிரியர்களாகிய நாம் நன்கு கவனித்ததில்லை என்றே நினைக்கிறேன். நாம் காண்பது பாடசாலை திறந்தபின் வரும் வெறுங்கொப்பியை மட்டுமே. அந்த வெறுமைக்குப் பின்னால் எத்தனை உழைப்பு! பையன் காலையில் மேசைக்கு வந்தான். பென்சிலைச் சீவினான். கூர் போதவில்லை; மறுபடியும் சீவினான். கொப்பிக்கு உறை போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது, உறை போட்டான். உறைமேல் பெயர் எழுதினான். பெயருக்கடியில் ஒரு நட்சத்திரம் வரைந்தான். நட்சத்திரம் வரைந்ததும் கூட்டுக்கு ஐந்து முனையா ஆறு முனையா என்ற பெருஞ்சந்தேகம் தோன்றிவிட்டது. எழுந்து போய்விட்டான். இதில் சோம்பலை எங்கே காண்பது? அரை மணி நேரத்தில் அவன் செய்த வேலையின் அளவைப் பார்த்தால் எந்தக் கந்தோரிலும் அவனை நிரந்தரமாக்கிவிடுவார்கள்.

தள்ளிப்போடுதல் என்றதும் நமக்கு வள்ளுவர் நினைவு வராமற்போகாது. மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகும் இயல்பினர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று நான்கு பொருள்களைச் சேர்த்துச் சொல்லும்போது, காலம் நீட்டித்தலையே முதலில் வைத்தார். மரக்கலம் என்ற உரை பரிமேலழகருடையது. பாடசாலைச் சுவர்களில் எழுதிவைக்கத் தகுந்த குறள் என்பதால் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பெருமான் வினைசெயல்வகை அதிகாரத்தில், தாழ்த்திச் செய்யத் தகுந்ததைத் தாழ்த்தியே செய் என்றும், தாழ்த்தாமல் செய்யவேண்டியதில் தாழ்த்தாதே என்றும் கூறியிருக்கிறார். இந்த இரண்டாவது குறளை எந்தப் பாடசாலைச் சுவரிலும் நான் கண்டதில்லை. ஆக, நீட்டித்தல் எல்லாம் ஒரே சாதியல்ல. எதை நீட்டிக்கிறான் என்று பார்க்காமல் பிள்ளைக்குத் தீர்ப்பளிப்பது வள்ளுவரைப் பாதி படித்ததாகும்.

பையனிடமே விசாரித்தேன்.

"அந்தக் கட்டுரையையாவது எழுதி முடித்துவிடலாமே?"

"அதை இப்போது எழுத முடியாது, சேர்."

"ஏன்?"

"விடுமுறை இன்னும் முடியவில்லையே. கழித்த பிறகுதானே கழித்த விதத்தை எழுதலாம்?"

நான் அவன் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு படிப்பித்த இருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசெம்பரில் இவ்வளவு வீட்டுவேலை எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் கேட்கவேண்டும். நம் நாட்டில் முன்பெல்லாம் டிசெம்பர் ஆண்டின் கடைசி எல்லை. மூன்றாந் தவணை முடியும். ஜனவரியில் புதிய வகுப்பு, புதிய ஆசிரியர், புதிய கொப்பி. பழைய ஆசிரியர் கொடுக்கும் வேலையைப் புதியவர் கேட்கப்போவதில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். கொள்ளைநோய் வந்து இந்த ஒழுங்கைக் குலைத்தது. 2022ஆம் ஆண்டின் பாடங்கள் ஏப்ரலிலும், 2023ஆம் ஆண்டினுடையவை மார்ச்சிலும், 2024இன் பாடங்கள் பெப்ரவரியிலும் தொடங்கின. நத்தார், தவணையின் நடுவே வந்து விழுந்தது. நடுவில் விழும் விடுமுறையை எந்த ஆசிரியரும் வெறுமனே விடுவதில்லை. இதற்குமேல் புலமைப்பரிசில் பரீட்சை வேறு. கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியை நடைமுறைக்குக் கொண்டுவந்த காலத்தில், கிராமத்து ஏழைப்பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போகக் கதவு திறக்கவேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தோடு பிறந்த பரீட்சை அது. இன்று ஐந்தாம் வகுப்புக்குரிய அந்தப் பரீட்சை நாலாம் வகுப்பு நத்தாரிலேயே வீட்டுக்குள் நுழைந்து மேசையைப் பிடித்துக்கொள்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த வழக்கன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1901இல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுப்பதைச் சட்டம்போட்டுத் தடுத்தது. 1917இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிரான்ஸ் தேசத்தில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை எதுவும் வீட்டுக்குக் கொடுக்கலாகாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. அதன் தேதி 1956 டிசெம்பர் 29. நத்தாருக்கு நான்காம் நாள்! அமைச்சில் அந்தக் கடதாசியில் கையொப்பமிட்டவர் வீட்டில் அந்த வாரம் ஏதோ நடந்திருக்கவேண்டும் என்று எண்ணி நான் சிரித்துக்கொள்வதுண்டு. சுற்றறிக்கையைப் பின்னர் பல தடவை நினைவூட்டியும், அங்கே வீட்டுவேலை நின்றபாடில்லை. ஆசிரியர் கொடுக்கிறார், பெற்றோரும் கேட்டு வாங்குகிறார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் கிருபாகரன் 2018 மே மாதத்தில் முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசும் அவ்வாறே மாநிலங்களுக்கு எழுதியது. ஆராய்ச்சிக்காரர் சொல்வதைக் கேட்பதானால், அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவு இருக்கிறது. மேல் வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் தேர்ச்சிக்கும் காணப்படும் தொடர்பு, கீழ் வகுப்புகளில் மிகவும் மெலிந்துவிடுகிறது என்கிறார்கள்.

நான் இவற்றையெல்லாம் அடுக்கிச் சொன்னபோது நண்பர் அசைந்துகொடுக்கவில்லை. "நீங்கள் வீட்டுவேலையை நிறுத்திவிட்டால் கண்டியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லை. அதற்கு மாலையில் ஒரு ரியூசன் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. இந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்தக் கொப்பி ஒன்றுதான் இருக்கிறது. இதையும் பறித்துக்கொண்டால் இவன் எதை வைத்துக்கொண்டு அவனோடு ஓடுவது?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டுவேலையை எதிர்த்துப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர், தம் பிள்ளைகளுக்கு வேறு வழி வைத்திருப்பவர்கள் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வார்த்தை பொருந்தும். ஆயினும், ஓடுவதற்குக் கொடுத்த அந்தக் கொப்பியில் இருந்தது என்ன? உறுப்பெழுத்தும் வாய்பாடும். கண்டிப் பிள்ளை அந்த நேரத்தில் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்.

அன்று பிற்பகல் கேக்கைத் துண்டுபோட்டு எண்ணெய்க் கடதாசியில் சுற்றினார்கள். நூற்றிருபது துண்டு, அயலில் எட்டு வீடு. பெரும்பாலும் பௌத்தர்கள், சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் இங்கே வரும். "எப்படிப் பங்கிடுவது?" என்று அவனைச் சோதித்தேன். வீட்டுக்குப் பதினைந்து என்ற விடையை எதிர்பார்த்தேன். அவன் சற்று யோசித்துவிட்டு, அந்த வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர், அங்கே இருபது வேண்டும். இந்த வீட்டில் பாட்டி மட்டும், எட்டுப் போதும், ஆனால் மெதுவான துண்டாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். மூலை வீட்டில் போன மாதம் மரணம், பண்டிகைப் பலகாரம் என்று தட்டில் வைத்துக் கொண்டுபோகக்கூடாது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்றான். கூட்டிப் பார்த்தேன்; நூற்றிருபது சரியாக வந்தது. ஆர். கே. நாராயணன் 1935இல் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், விடுமுறை நாளில் தகப்பனார் போடும் மாம்பழக் கணக்கைச் செய்யமுடியாமல் சுவாமிநாதன் திண்டாடுவான். பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் அவனால் விலை சொல்ல முடியவில்லை. அதை நாம் நகைச்சுவை என்று படித்துச் சிரித்தோம். வஹகோட்டைக்குப் போய்வந்தபின் சுவாமிநாதன் கேட்டதில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதே ஊரின் பழங்கதையில் வேறொரு வகை வீட்டுவேலையும் உண்டு. யோசேப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்து 1711இல் அங்கேயே மறைந்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் செபங்களும் பாடல்களும் ஞான நூல்களும் எழுதினார், 1742இல் காலமானார். அந்தப் பத்தாண்டிலேயே மன்னன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் பாதிரிமாரை நாட்டைவிட்டு அகற்றினான். அதன்பின் நெடுங்காலம் மலைநாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் இல்லை. சரிபார்க்கவும் ஒருவர் இல்லை. ஓலையில் இருந்ததையும் காதில் விழுந்ததையும் வைத்துக்கொண்டு, தாய் பிள்ளைக்கும் பிள்ளை தன் பிள்ளைக்குமாகச் சொல்லிக்கொடுத்துச் செபங்களைக் காப்பாற்றினார்கள். இத்தகைய கிராமங்களில் கோயிற் காரியங்களை முன்னின்று நடத்தும் ஊராருக்குச் சிங்களக் கத்தோலிக்கர் கொடுத்த பெயர் 'அன்னாவி'. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவிதான் அவர். தமிழில் வாத்தியாரைக் குறித்த சொல், வாத்தியார் இல்லாத ஊரில் போய்க் குடியேறிவிட்டது!

பக்தியை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. கற்பித்தல் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. மேற்பார்வை இல்லை, சிவப்பு மையில்லை, பிரம்பில்லை. தலைமுறை தலைமுறையாக வேலை நடந்திருக்கிறது. ஏன்? குழந்தை பிறந்தால் அந்தச் சொற்கள் வேண்டும். ஒருவர் இறந்தால் அன்றிரவே வேண்டும். திருநாள் வந்தால் வேண்டும். வீட்டுக்கு அது தேவையாக இருந்தது. உறுப்பெழுத்து யாருக்குத் தேவை? ஆசிரியருக்குங்கூடத் தேவையில்லை, முப்பது பிள்ளைகள் எழுதிய முப்பது பக்கத்தை அவர் வாசிப்பதில்லை, கோடு இழுத்துக் கையொப்பம் வைக்கிறார். தேவையற்றது எது என்று கண்டுகொள்வதில் பிள்ளைகள் நம்மைக் காட்டிலும் விரைவானவர்கள். அவர்கள் அதைக் கடைசி இரவுக்குத் தள்ளுகிறார்கள். கடைசி இரவில் தாய் தலையிலடித்துக்கொண்டு பாதியை எழுதிக்கொடுக்கிறாள். எழுதிக்கொடுக்கத் தெரியாத தாயின் பிள்ளை முதல்நாள் பாடசாலைக்கு வருவதில்லை. விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் வரவுப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களை நான் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். காய்ச்சல் என்று மறுநாள் கடிதம் வரும். உடல் தண்டனை கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தாயிற்று. ஆனால் வெறுங்கொப்பியோடு வகுப்பு நடுவே எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அடி வேண்டியதில்லை, நிற்பதே போதும்.

நண்பரின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் சிறியது. பழைய வினாத்தாள் கட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்தனுப்பலாம். ஆச்சிக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று சொல்லியனுப்பலாம். கூடு செய்த முறையை, அடுத்த ஆண்டு தம்பியோ தங்கையோ பார்த்துச் செய்யும்படி எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். பங்கிட்ட கேக்கின் கணக்கைக் கேட்கலாம். நண்பர் தலையசைத்தார், "பரீட்சையில் அது வராது" என்றும் சொன்னார். அதற்கு நான் என்ன சொல்வது?

கட்டுரையை அவன் தாய் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே எழுதவைத்துவிட்டாள். அண்ணனின் பழைய கொப்பியை எதிரே வைத்துக்கொண்டு எழுதினான். நத்தார் தினத்தன்று அதிகாலையில் எழுந்து, புத்தாடை அணிந்து, பெற்றோருடன் கோயிலுக்குச் சென்று, கேக் உண்டு, உறவினரைக் கண்டு மகிழ்ந்ததாக அதில் இருந்தது. உண்மையில் நடந்தது என்னவென்றால், நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படும் நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. வாசலில் தொங்கிய கூடு நனைந்து சாயம் வழிந்தது. அவன் ஓடிப்போய் அதைக் கழற்றித் தன் வெள்ளைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டான். சட்டை முழுவதும் சிவப்பும் பச்சையுமாகிவிட்டது. அப்படியே கோயிலுக்குப் போனான். பாட்டுக்காரப் பிள்ளைகளின் முதல் வரிசையில் நின்று பாடினான். முழு ஊரும் அந்தச் சட்டையைப் பார்த்தது. ஆச்சி கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

பாடசாலை திறந்தபின் கொப்பி திரும்பி வந்தது என்று நண்பர் எழுதியிருந்தார். கட்டுரைக்கடியில் சிவப்பு மையில் ஒரு சரியடையாளமும், 'நன்று' என்ற சொல்லும் இருந்தனவாம்.